பதினொன்று புள்ளி மூன்று எட்டு

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
மைனஸ் முப்பத்தொன்று.
துல்கூன் தன் ஆட்டுத்தோல் அங்கியைக்
கணினிக்குப் போர்த்திவிட்டுத்
தான் நடுங்கிக்கொண்டு வந்தான்.

உடனே போடாதே என்றேன்.
குளிரிலிருந்து வந்த இரும்பு
உள்ளே வியர்க்கும்.
அது உலரும்வரை
என் கண்டெய்னர் கடையில்
அடுப்புப் பக்கம் உட்கார்ந்து
உப்புத் தேநீர் குடித்தோம்.

கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன்.
பதினான்கு நாளாய் ஒரே கல்யாணம்.
மாப்பிள்ளை பால் கிண்ணத்தை நீட்டுவான்,
மாமனார் கை எழும்,
கிண்ணத்தைத் தொடுவதற்குள்
திரை கறுத்துவிடும்.
ஏழு முறை.
"அந்த ஆளுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை போல"
என்றான்,
முழுக்க விளையாட்டாக அல்ல.

"இதைப் பாருங்கள் சரங்கோ அக்கா."
பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்பது புள்ளி ஆறு என்றது
அவன் இறக்கி வைத்திருந்த மென்பொருள்.
சிரித்துவிட்டேன்.
அது நிஜமென்றால்
அதைச் சொல்ல இந்தத் திரைக்கு
உயிர் இருக்காது.
தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்
காய்ச்சல் சொல்கிறவன் கணக்கு அது.

தகட்டைக் கழற்றுமுன்
கண்டெய்னர் சுவரைத் தொட்டேன்.
விரல் நுனியில் ஒரு பொறி.
இந்த ஊர் வறட்சியில்
ஆளுக்கொரு சின்ன மின்னல்.

கறுப்பு ஊசி கறுப்பு ஒயரில்.
சிவப்பு ஊசி மஞ்சளில்: 12.07.
சிவப்பில் 5.03.
ஆரஞ்சில் 3.31.
அணைத்த பிறகும் தூங்காத
ஊதா ஒயரில்கூடக் குறை இல்லை.

"எல்லாம் சரிதானே, பிறகென்ன?"
சும்மா இருக்கும்போது
யார்தான் சரியில்லை?
கல்யாணத்தை ஓட்டு என்றேன்.

விசிறிகள் இரைந்தன.
மஞ்சளில் ஊசியை அழுத்திப் பிடித்தேன்.
11.84.
11.61.
மாப்பிள்ளை தொப்பியைச் சரிசெய்கிறான்.
11.47.
கிண்ணம் நீள்கிறது.
11.38.

"எல்லை எவ்வளவு?"
ஐந்து சதவீதம்.
மேலே பன்னிரண்டு புள்ளி ஆறு,
கீழே பதினொன்று புள்ளி நான்கு.
"இரண்டு நூறில் ஒரு பங்கா!"
என்று கையை விரித்தான்.
இறைச்சிக் கடையில்
தராசு முள்ளோடு பேரம் பேசும் குரல்.
"வெள்ளை மாதப் பண்டிகை வரைக்கும் தாங்காதா?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் பார்த்தேன்,
என் மீட்டரின் மூலையில்
சின்னஞ்சிறு பேட்டரிப் படம்
கண் சிமிட்டுவதை.
எத்தனை நாளாகவோ.
எத்தனை பேருக்கு
நன்றாயிருக்கிறது, எடுத்துப் போ
என்று சொல்லியிருப்பேனோ.
இளைத்த பேட்டரி
கூட்டித்தான் காட்டும்.

கடையில் இருந்த ஒரே ஒன்பது வோல்ட்
சுவரில் இருந்தது,
அடுப்பின் விஷப் புகைக்குக் கத்தும் பெட்டிக்குள்.
கதவைத் திற என்றேன்.
"இந்தக் குளிரிலா?"
நன்றாகத் திற.

பேட்டரியை மாற்றினேன்.
வாயிலிருந்து வெள்ளையாய் மூச்சு பறக்க
மறுபடி கல்யாணம்.
11.26.
மாமனார் கை எழுந்தது.
கறுத்தது.

துல்கூன் அதன் பிறகு
பண்டிகையைப் பற்றிப் பேசவில்லை.

அலமாரியில் ஒரு பெட்டி இருந்தது,
மூடிப்போன வங்கியிலிருந்து வந்தது.
பொருத்தினேன்.
பேட்டரியைச் சுவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.
ஒருமுறை கீச்சிட்டது, வாங்கிக்கொண்டேன் என்று.
கதவைச் சாத்தினோம்.

"ஓடுகிறதே, போதும், விலை சொல்லுங்கள்."
ஓடுவது அளவாகாது.
அளக்காமல் தரமாட்டேன்.
முனைக்கடையில் பேட்டரி கிடைக்கும்.
என்னை ஒரு கணம் முறைத்தான்,
பிறகு ஓடினான்,
அங்கியை மறந்து.

நான் அடுப்பில் கரிக்கட்டி போட்டேன்.
திரையில்
அவன் பார்க்காத நேரத்தில்
மாமனார் கிண்ணத்தை இரு கையாலும் வாங்கி
மொத்தப் பாலையும் குடித்துவிட்டு
மீசையைத் துடைத்துக்கொண்டார்.